பிடிச்சாச்சு

ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்து எழுநூற்று இருபத்தாறு ரூபாய். புரட்டாசி ஒன்றாம் தேதி நான் கைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி அது. பைசா கிடையாது. பைசா வந்தால் மேல் ரூபாய்க்கு ஏற்றிவிடுவார்கள். இறக்கிய கதையை நான் கேட்டதில்லை.

சங்ககிரி லாரிப்பேட்டையில் கோழித்தீவனக் குடோன் ஒன்றில் நான் லோடுமேன். பெயர் நாச்சிமுத்து. வலது கை தோளிலிருந்து கம்பெனிக் கை. என் சொந்தக் கை ஆறு வருசத்துக்கு முன்னால் போனது. மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரி குடோன் மேடைக்குப் பின்பக்கமாக வந்தது. மேடைக்கும் லாரிக்கும் நடுவில் என் கை இருந்ததை டிரைவர் பார்க்கவில்லை. செல்போனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு டிரைவர் கையை எடுத்தான். இன்னொரு டிரைவரை வைத்துத்தான் கம்பெனி எனக்குக் கையைக் கொடுத்தது. அந்த இரண்டாவது டிரைவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கையைக் குறை சொல்ல மாட்டேன். மேலே கறுப்பு ரப்பர், உள்ளே இரும்பு. கழுத்தெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி பதித்திருந்தார்கள். நான் நினைப்பது நரம்பு வழியாகப் பெட்டிக்குப் போகும், பெட்டி கைக்குச் சொல்லும். நூறு கிலோ மூட்டையைச் சுண்டி இழுக்கும். முதல் இரண்டு மாசம் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவது மாசம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் கறிக்கடையில் தொங்குகிற கோழி மாதிரி தோளில் தொங்குகிறது. மடக்கு என்கிறேன், நீட்டு என்கிறேன், ஒன்றுக்கும் அசையவில்லை.

ராசாக்குட்டிதான் என்னை வண்டியில் உட்கார வைத்துக் கம்பெனிக்குக் கூட்டிப் போனான். எங்கள் குழுவில் என்னோடு ஜோடி போட்டு மூட்டை மாற்றுகிறவன். என்னை மாமா என்பான். லாரி புக்கிங் ஆபீசுக்கு மேல்மாடியில் கம்பெனியின் கிளை. அங்கே கவுண்டரில் மைதிலி என்ற பொண்ணு. பெட்டிக்கு மேலே ஏதோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"டிரைவர் லோடு ஆகலைங்கண்ணா."

"ஏ அம்மணி, எந்த ஊர்ல டிரைவர் லோடு ஏத்துறான்? ஏத்துறது நாங்க. அவன் அக்கட்டால நின்னு பீடி குடிப்பான்."

ராசாக்குட்டி சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அப்புறம் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"பெட்டிக்குள்ள உங்க கை, கையா இருக்காதுங்கண்ணா. ஃபைலாத்தான் இருக்கும். முழங்கைக்கு ஒரு ஃபைல், மணிக்கட்டுக்கு ஒண்ணு, விரலுக்கு விரல் ஒண்ணு. கீழ புக்கிங் ஆபீஸ்ல லாரிக்கு ஒரு ஃபைல் வச்சிருக்காங்கல்ல, அது மாதிரி. நீங்க மடக்கணும்னு நினைச்சா, அந்த ஃபைல்ல 'மடக்கு'ன்னு எழுதிப் போடறீங்க. அதை எடுத்துப் பார்த்து நிஜக் கையை மடக்கறது டிரைவர்."

"யாரு, ஆளா?"

"ஆள் இல்லீங்க, புரோகிராம். தெனம் காலையில ஆறு மணிக்கு இங்கிருந்து ஏத்துவோம். ராத்திரி பத்து மணிக்கு இறக்கிருவோம். இன்னிக்கு உங்களுக்கு ஏறல."

"ஃபைல் இருக்குது, லாரி இருக்குது, டிரைவர் இல்ல. வண்டி ஷெட்டுல நிக்குது. அப்படித்தானுங்களே?" என்றான் ராசாக்குட்டி.

"அதேதாங்கண்ணா."

"தெனம் எதுக்கு ஏத்தி இறக்கோணும்? அங்கயே கெடக்கட்டுமே," என்றேன்.

மைதிலி உள் அறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அங்கயே கெடந்தா, பணம் கட்டாதவங்களை எப்படிங்கண்ணா நிறுத்தறது?"

பேசிக்கொண்டே அவள் எதையோ தட்டினாள். உடனே என் வலது கை விருட்டென்று மேலே எழும்பி, பின்னால் வளைந்து, என் முதுகைப் பரபரவென்று சொறிய ஆரம்பித்தது. நான் சொல்லவே இல்லை. காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்கும்போது முதுகு அரிச்சுதுங்களா? சொறியணும்னு நினைச்சீங்களா?"

நினைத்தேன். கொசு. பழக்கத்தில் வலது கையைத்தான் நினைத்தேன்.

"கடைசியா எழுதிப் போட்டது ஃபைல்லயே நிக்குமுங்கண்ணா. எத்தனை நாளானாலும் நிக்கும். டிரைவர் ஏறினதும் முதல் வேலையா அதைத்தான் செய்வாரு."

அரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. ராசாக்குட்டி பேட்டைக்கு வந்து அதை ஆளாளுக்கு நடித்துக் காட்டினான். ஒரு மாசத்துக்கு என் பெயர் 'சொறி மாமா'.

கையைக் கடனுக்கு வாங்கியபோது காகிதத்தில் நான் கைநாட்டு வைத்தவன். மிச்சமிருந்த இடது பெருவிரல். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்த மை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் படிப்பதற்காகவே நாற்பத்து நாலு வயசில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். லாரிகளின் முதுகுதான் என் பலகை. 'ஒலி எழுப்பவும்' என்பதில் ஒ. 'இடைவெளி விடவும்' என்பதில் இ. ஒரு வருசம் ஆனது. ஒரு மத்தியானம் மூட்டை மேல் உட்கார்ந்து காகிதத்தை விரித்தேன். முதலில் கண்ணில் பட்டது, 'ஓட்டுநர் ஏற்றுக் கட்டணம், நாளொன்றுக்கு ரூ.18'. எங்களுக்கு ஏற்றுக்கூலி மூட்டைக்கு ஆறு ரூபாய். அந்த ஓட்டுநரை என் கையில் ஏற்ற நான் தினம் மூன்று மூட்டை தூக்கியிருக்கிறேன்.

"ஜா... மீன்... தா..."

"மீனு எங்கிருந்து மாமா வந்துச்சு?" ராசாக்குட்டி எட்டிப் பார்த்தான்.

"ஜாமீன்தாரர்டா. நீதான். கையெழுத்துப் போட்டியே. இங்க பாரு, 'ஜாமீன் காப்பு, மாதம் ரூ.30'."

"எனக்குக் காப்புப் போடறாங்களா? வளைகாப்பா, போலீசுக் காப்பா?"

"தெரியலையே. முப்பது ரூபா யாரு கட்டறது?"

"நாந்தான். எங்கிட்டத்தான் மாசாமாசம் புடிக்கிறான். ஏதோ சாமி காப்புன்னு நினைச்சுக்கிட்டேன், போ."

நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. பொடி எழுத்து அப்போது எனக்கு வராது.

லோடுமேன்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மூட்டையைக் கொடுக்கிறவன் 'பிடி' என்பான். வாங்குகிறவன் 'பிடிச்சாச்சு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் கொடுக்கிறவன் கையை எடுப்பான். கண்ணால் பார்த்து எடுக்கக் கூடாது. மூட்டை முகத்தை மறைத்திருக்கும், கண் ஏமாற்றும். சொல்தான் கணக்கு. பிடிக்காமலே சொன்ன ஒருத்தனால் எங்கள் பழைய மேஸ்திரிக்கு இடுப்பு போனது. சொன்னவனை அன்றைக்கே கூலி தீர்த்து அனுப்பிவிட்டோம். அப்புறம் பேட்டையில் எந்தக் குழுவும் அவனைச் சேர்க்கவில்லை.

இந்த வருசம் ஆடியில் கோழிக்குக் காய்ச்சல் வந்தது. பண்ணை பண்ணையாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். கோழி இல்லையென்றால் தீவனம் இல்லை, தீவனம் இல்லையென்றால் லோடு இல்லை. இரண்டு தவணை நின்றது. புரட்டாசியில் மறுபடி லாரிகள் வர ஆரம்பித்தன. அடுத்த புதன்கிழமை கூலிப் பட்டுவாடா. இரண்டு தவணையையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் வெள்ளிக்கிழமை மைதிலி போன் செய்தாள். நான் ஓடினேன்.

"மேல இருந்து பட்டியல் வந்துருச்சுங்கண்ணா. இன்னிக்கு ராத்திரி இறக்கினா நாளைக்கு ஏறாது. பாக்கி மொத்தமும் ஒரே தடவையாக் கட்டினாத்தான் மறுபடி ஏறும்."

"புதன்கிழமை வரைக்கும் அம்மணி. அஞ்சு நாள். கை இல்லாட்டி அந்தக் கூலியும் இல்லையே."

"எங்கையில எதுவும் இல்லீங்கண்ணா."

நான் எழுந்திருக்கவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் என் விரல்களைப் பார்த்தாள். உள் அறையைப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் குனிந்து, என் பக்கம் வந்து சொன்னாள்.

"கை எதையாச்சும் பிடிச்சிட்டு இருந்தா டிரைவரை இறக்க முடியாது. ஃபைல் தெறந்து கெடக்கும். 'பயன்பாட்டில் உள்ளது'ன்னு வரும். வெறும் கையை மூடினா ஆகாது, உள்ளங்கையில பொருள் அழுந்தணும்."

"வம்படியா இறக்கினா?"

"பெட்டியே நின்னு போயிரும். பெட்டி கம்பெனிச் சொத்து, அதைக் கெடுக்க மாட்டாங்க. காத்திருப்பாங்க. நொடிக்கு நூறு தடவை கேட்டுட்டே இருக்கும், விட்டாச்சா, விட்டாச்சான்னு. நான் எதுவும் சொல்லலைங்கண்ணா."

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குள் என் மூட்டைக் கொக்கியைக் கையில் எடுத்தேன். லோடுமேன் பிடிப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது என்ன இருக்கிறது? மரப்பிடி, முன்னால் வளைந்த கம்பி. பத்து மணி ஆனது. கை அப்படியே இருந்தது. என் சம்சாரம் பாவாயி கொக்கி முனையில் சாக்குத் துணியைச் சுற்றினாள். தூக்கத்தில் விட்டுவிடுவேனோ என்று சேலைக் கிழிசலால் விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். காலையில் வேலைக்குக் கட்டு ஒத்து வராது, அவிழ்ப்பாள். இடது கையால் சோறு தின்ன எனக்கு மனசு வரவில்லை. அவளே ஊட்டினாள். நாற்பத்தெட்டு வயசில் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இத்தனை வருசத்துல ஒரு நாளாச்சும் எங் கையை இப்படிப் பிடிச்சிருக்கிறயா?" என்றாள்.

பேட்டையில் ராசாக்குட்டி சும்மா இருப்பானா? "மாமோவ், அந்தக் கொக்கிக்கு ஒரு மஞ்சக் கயிறு வாங்கிக் கட்டீரு. பாவாயி அக்காளை வேணா ஊருக்கு அனுப்பி வைக்கிறேன்." ஆனால் என் பங்கு பாரத்தில் பாதியை அவன்தான் சுமந்தான். நான் கொக்கியை மாற்றிப் பிடிக்கத் தேவையில்லாதபடி மூட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தான். சனி, ஞாயிறு, திங்கள் போயின. தூங்கும்போதும் எனக்குள் விட்டாச்சா, விட்டாச்சா என்று யாரோ கேட்பது மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். இன்னும் ஒரே நாள். ஒரு லாரிக்குத் தீவனம் ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தோம். பாரத்துக்கு மேலே நானும் ராசாக்குட்டியும். தரையிலிருந்து பதினாலு அடி இருக்கும். கீழே மேடையின் இரும்பு விளிம்பு. அவன் ஓரத்தில் நின்று கயிற்றை இழுத்தான். காலடியில் மூட்டை வழுக்கியது. அவன் சரிந்து பக்கவாட்டில் தொங்கினான். கயிற்றை ஒரு கை பிடித்திருந்தது. கயிறு இன்னும் முடிச்சுப் போடாதது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் மூட்டைமேல் படுத்தேன். இடது கையால் கட்டிய கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினேன். கொக்கியோடுதான் நீட்டினேன்.

"குத்திப்புடும் மாமா! அதைப் போட்டுட்டுக் கையைக் குடு!"

போட்டேன்.

நாலு நாளாக எனக்கு வேறு நினைப்பே கிடையாது. அந்த ஒரு நேரத்தில் மட்டும் அந்த நினைப்பு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. கொக்கி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவன் இன்னொரு கையை வீசி என் உள்ளங்கையில் தன் மணிக்கட்டை வைத்தான். "பிடி!" என்றான். நான் கைக்குப் பிடி என்றேன். வாய் தானாகச் சொன்னது. இருபத்தைந்து வருசமாகச் சொல்கிற வாய்.

"பிடிச்சாச்சு."

அவன் கயிற்றை விட்டான்.

கொக்கி போனதற்கும் அவன் மணிக்கட்டு வந்ததற்கும் நடுவில் என் கை எதையும் பிடித்திருக்கவில்லை. கண் சிமிட்டுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குத்தான் அவர்கள் நாலு நாளாகக் காத்திருந்தார்கள். விரல்கள் மூடவில்லை. அவன் மணிக்கட்டு ரப்பர் மேல் வழுக்கிப் போனது. அவன் முகத்தில் பயம் இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிடித்தாகிவிட்டது என்று நம்பிய முகம்.

சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில் மகுடஞ்சாவடியை அவன் உயிர் தாண்டவில்லை.

அவன் பெண்டாட்டி மாராயி அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, அவரு கயிறு புடிச்சா விட மாட்டாரே. ஏன் விட்டாரு?"

நான் எழுந்து வெளியே போனேன். குழுவில் என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. நானே போகவில்லை. பிடிக்காமல் சொன்னவனுக்கு அங்கே என்ன வேலை? பாவாயி அந்தக் கையை மடித்து நெஞ்சோடு துணியில் கட்டிவிட்டாள். அன்றையிலிருந்து நான் அந்தக் கைக்கு எதுவும் சொல்லவில்லை. மனசுக்குள்கூட.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மைதிலி போன் செய்து வரச் சொன்னாள். மேல்மாடியில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முன்பெல்லாம் எழுந்து நின்றதில்லை.

"உங்க கடன் முடிஞ்சுதுங்கண்ணா."

"யாரு கட்டுனா?"

"ஜாமீன் காப்பு. ஜாமீன்தாரர் இறந்துட்டா மொத்தக் கடனும் தள்ளுபடி. காப்பீட்டுல இருந்து கம்பெனிக்கு வந்துருச்சு. நீங்க பத்திரத்துல பார்க்கலீங்களா? அந்த வரிக்குக் கீழயே போட்டிருக்கும்."

பொடி எழுத்து நாலு வரி.

"மாசம் முப்பது ரூபா. அவன்தான் கட்டிட்டு இருந்தான்," என்றேன்.

"தெரியுங்கண்ணா."

"மாராயிக்கு எவ்வளவு?"

அவள் மேசை டிராயரை இழுத்தாள்.

"அவளுக்கு எவ்வளவு அம்மணி?"

"அவங்க பேரு எந்த ஃபைல்லயும் இல்லீங்கண்ணா."

சீல் குத்திய ரசீதை எடுத்தாள். தள்ளுபடி என்று சிவப்பில் பெரிசாக இருந்தது. அதை எழுத்துக் கூட்டாமலே படிக்க முடிந்தது. கலெக்டர் ஆபீசில் நான் நஷ்டஈடு கேட்டுக் கொடுத்த மனுவிலும் ஆறு வருசத்துக்கு முன்னால் இதே சொல்லைத்தான் குத்தினார்கள்.

"இனி டிரைவர் உங்களுக்கே சொந்தமுங்க. இறக்கவே மாட்டோம். ஏத்திக் காட்டிட்டு, கையில ரசீதோட ஒரு போட்டோ எடுத்து மேல அனுப்போணும். அப்பத்தான் கணக்கு மூடும்."

"வேண்டாம் அம்மணி."

"மூடலைன்னா வட்டி ஓடுமுங்கண்ணா."

துணியை அவிழ்த்தேன். இடது கையால் வலது கையைத் தூக்கிக் கவுண்டர் மேல் மல்லாத்தி வைத்தேன். விரல்கள் விரிந்தபடி கிடந்தன, அன்றைக்கு விரிந்திருந்த மாதிரியே. மைதிலி ரசீதை உள்ளங்கையில் வைத்தாள். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினாள்.

விரல்கள் மூடின.

நான் எதுவும் நினைக்கவில்லை. நினைத்தது பதினேழு நாளைக்கு முன்னால். காகிதத்தைப் பிடிக்கிற பிடி அல்ல அது. பெருவிரல் சுற்றி வந்து, நாலு விரலும் இறுகி, தோள்வரைக்கும் நரம்பு இழுத்தது. எழுபது கிலோ ஆளைத் தாங்குகிற பிடி. கவுண்டர் பலகை கிறீச்சிட்டது. முழங்கை தானாகப் பின்னால் இழுத்தது, ஒருத்தனை மேலே தூக்குகிற மாதிரி.

"ஐயோ, விடுங்கண்ணா, ரசீது கசங்குது!"

அவளுக்கு முதுகு சொறிந்த கதை ஞாபகம் வர ஒரு நிமிசம் ஆனது. வந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. செல்போனைக் கீழே வைத்துவிட்டாள்.

விடு என்று நான் நினைத்தால் போதும், விட்டுவிடும். நினைக்கவில்லை. அவளுடைய கம்ப்யூட்டர் திரையில் இரண்டு வரி வந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பாக்கி: இல்லை.

கை: பயன்பாட்டில் உள்ளது.